பங்கு போகாத 9,973 கல்

எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியது நீளம், அகலம், உயரம், அதற்குக் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பேச்சும் வராது. என்னை வழியனுப்பும் கூட்டத்தில் ஏற்புரை சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன், மைக்கைப் பார்த்தேன், மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னும் நான்கு வருஷம் வேலை பார்க்க வேண்டியவர். இப்படிப்பட்டவன் கட்டுரை எழுதினால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டோர்ஸ் பிரிவுப் பிள்ளைகள் விடவில்லை. இப்போது உலைக்கல் எல்லாம் மரப்பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரும்புப் பட்டை போட்டு வந்து இறங்குகிறது. ஒரு பலகைக்கு இத்தனை கல் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு பையன் என்னிடம், "சார், உங்க காலத்துல பத்தாயிரம் கல்லு சும்மா குவியலா வந்தா எப்படி சார் கணக்கு வெச்சீங்க?" என்று கேட்டான். வாயால் சொல்ல முயன்றேன். வழக்கம்போல நடுவில் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். உலைக்கு உள்பூச்சாக வைக்கும் நெருப்புக்கல் வடக்கேயிருந்து ரயிலில் வரும். எங்கள் கொட்டகை வரைக்கும் தண்டவாளம் இருந்தது. முதல் இரண்டு வருஷம் நான் செய்த வேலை, பசை காய்ச்சிச் சீட்டு ஒட்டுவது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசையை எறும்பு தின்னும், மறுபடி காய்ச்ச வேண்டும்.

பிறகுதான் தேவசகாயம் சாரிடம் கிளார்க்காகப் போட்டார்கள். அவர்தான் ஸ்டோர்கீப்பர். நாசரேத் பக்கத்துக்காரர். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, மேலே காக்கிக் கோட்டு. சத்தம் போடவே மாட்டார். கையில் ஒரு மூங்கில் கோல் வைத்திருப்பார், அது அடிக்க இல்லை, காட்ட. கோலை எதை நோக்கி நீட்டினாலும் அங்கே ஒரு தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் ஒரு அட்டியின் முன்னால் என்னை நிறுத்தி, எத்தனை கல் என்று கேட்டுவிட்டுப் போனார். அட்டி என்றால் அடுக்கி வைத்த சரக்கு. நான் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"என்னடே, எண்ணுதியா?"

"ஆமா சார்."

"எது மட்டும் வந்திருக்க?"

"நாப்பத்தொண்ணு சார்."

"இப்ப ஒரு காக்கா கத்திச்சின்னா திரும்ப ஒண்ணுல இருந்து தொடங்குவ. எண்ணாத தம்பி. பெருக்கு."

அவருடைய முறை இதுதான். ஒரு தடவை வந்த சரக்குக்கு ஒரே அட்டி. நீளத்தில் எத்தனை கல், அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை அடுக்கு என்று மூன்று எண். அட்டிக்கு முன்னால் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அதில் சுண்ணாம்பால் அந்த மூன்றையும் எழுத வேண்டும். இரவு வாட்ச்மேன் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் கவலையில்லை. மூலை எட்டும் முழுசாக இருக்கிறதா என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தால் போதும், ஒரு கல்கூடப் போகவில்லை என்று தெரிந்துவிடும். பலகை எழுதாதவரை அடுக்கிய ஆட்களுக்குக் கேட் திறக்காது. அவர்களுக்கு முன்னால் சாரே போக மாட்டார் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

மீதி என்பது அவருக்கு ஆகாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை 6,006 கல் வந்தது. இருபதுக்கு இருபது, பதினைந்து அடுக்கு. ஆறாயிரம் ஆயிற்று. மிச்சம் ஆறு கல்லை மேலே வைத்தோம். பத்து நாளைக்குள் ஆறும் போய்விட்டன. ஒன்று வாட்ச்மேன் கட்டிலின் ஆடுகிற காலுக்குக் கீழே இருந்தது. இரண்டு டீக்கடை அடுப்பில். ஒன்று கேன்டீன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மற்ற இரண்டும் வலைக்குக் கனமாகக் கடலுக்குப் போயிருக்கும் என்று பேச்சு. யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் கல் யாருடைய கல்லும் இல்லை, அதுதான் சங்கதி. சார் அன்று சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று, பதின்மூன்று அடுக்கு என்று போட்டிருந்தால் 6,006 கல்லும் மீதியில்லாமல் அடங்கியிருக்கும்.

"பக்கத்த மாத்திப் போட்டிருந்தா ஆறும் பொழச்சிருக்கும், பாத்துக்கோ," என்றார், பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை. ஏழு, பதின்மூன்று மாதிரி சின்ன எண்கள் முரண்டு பிடிக்கும். பெரிய எண் அப்படி இல்லை. "பெரிய எண்ணுங்கது பெரிய குடும்பம் மாதிரி தம்பி. எப்படியாவது பங்கு போயிரும்" என்பார். நானும் நம்பினேன். வந்த சரக்கெல்லாம் பங்கு போயிற்று.

இப்போது 9,973-க்கு வருகிறேன்.

பத்தாயிரம் கேட்டிருந்தோம். சூளையிலேயே இருபத்தேழு கல் கீறல் விட்டிருந்ததால் அனுப்பவில்லை என்று அனுப்பியவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் கோடு போட்டு எண்ணியதிலும் 9,973. இதில் எந்தச் சண்டையும் இல்லை. இறக்கி அடுக்கியது ஆதிலட்சுமி அக்காவின் செட்டு. காசிமேட்டுக்காரர். கணவர் கட்டுமரத்தில் போவார். அக்கா பன்னிரண்டு பெண்களை வைத்துக்கொண்டு வேகன் இறக்குவார். அவர் குரல் கொட்டகையின் இந்த முனையில் கிளம்பினால் அந்த முனையில் புறா பறக்கும்.

அன்று அக்காவின் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை எண்ணூர். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர்கள் வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அத்தை இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். பெண்ணின் அம்மா வாசலில் நின்று வரவேற்காவிட்டால் அந்த அம்மாளுக்கு அது போதும், தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இதை அக்கா காலையிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒருமுறை சொன்னார். அதனாலேயே மதியம் திரும்பும் முன் அடுக்கி முடித்துவிட்டார்கள். இருபத்தைந்துக்கு இருபது, இருபது அடுக்கு. என் கழுத்து உயரம்.

சார் வந்து சுற்றிப் பார்த்தார். கோல் மெதுவாக எழுந்து மேல் அடுக்கைக் காட்டியது. கடைசி வரிசை முழுக்க வெறுமை. அதற்கு முந்திய வரிசையில் இரண்டு கல் இல்லை.

"இன்னா சார், மூஞ்சி இப்டி தொங்கிகினு கீது? கல்லு எல்லாம் ஏத்தியாச்சு," என்றார் அக்கா.

"ஏத்தியாச்சு தாயி. மூல மூடலியே."

"கல்லு இருந்தா மூட மாட்டனா? என் தலையயா வெக்கிறது?"

"வேற பக்கம் வச்சுப் போட்டா மூடும். கலைக்கணும்."

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் எழுதக்கூடியது குறைவு.

"சார், இன்னிக்கி எம் பொண்ணுக்கு நிச்சியம் சார்!"

"தெரியும்லா. நானும் வாரேன்னுதான சொல்லியிருக்கேன்."

"சரி. அப்போ நானும் வரல, நீயும் வரல. எண்ணூர்காரங்கோ வந்து எங்க வூட்டு நாயோட குந்திகினு பேசட்டும்!"

சாருக்கும் வருத்தம்தான். வேட்டி முனையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் பலகைக்கு மூன்று எண் வேண்டும். மூன்று எண் இல்லாமல் கேட்டைத் திறந்து அவருக்குப் பழக்கமில்லை.

"எந்தப் பக்கம் போடணும்னு பாத்துட்டுக் கலைப்போம். தம்பி, சுண்ணாம்புக்கட்டிய எடு. 9,973-க்குப் பக்கம் கண்டுபிடி. வெரசா."

நான் தரையில் உட்கார்ந்தேன். கடைசி இலக்கம் மூன்று, ஆகவே இரண்டாலும் ஐந்தாலும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தெட்டு, ஆகவே மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தேன், ஐந்து மீதி. பதினொன்றால் ஏழு மீதி. பதின்மூன்றால் வகுத்தபோது இரண்டே இரண்டு மீதி நின்றது. அந்த இரண்டைப் பார்த்து சார் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். கணக்கு சூதாட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"பத்தொம்போது வுட்டுப் பாரு நைனா!"

பதினேழு மீதி.

"முப்பத்தேழு வுடு. எம் புருசன் வயசு."

இருபது மீதி.

"அந்தாளு எதுக்குத்தான் ஒதவனான்?" என்று அந்த அம்மாளே அலுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

நாற்பத்தொன்றுக்குப் பத்து. நாற்பத்தேழுக்கு ஒன்பது. ஐம்பத்து மூன்றுக்கும் அதே ஒன்பது. ஐம்பத்தொன்பதில் மறுபடி இரண்டு மீதி வந்தபோது ஆதிலட்சுமி அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். "பேஜாரு புட்ச்ச நம்பர் சார் இது! கைக்கு வர்ற மாறி வந்து ஓடுது!"

எழுபதுகளைத் தாண்டியபோது எனக்கு ஒன்று உறைத்தது. உறைத்ததைச் சொல்லத்தான் தைரியம் இல்லை. சாரிடம் நேராக இரண்டு வாக்கியம் நான் சேர்ந்தாற்போல் பேசியதே கிடையாது. அக்கா பக்கம் திரும்பி வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"சார்! கிளார்க்கு இன்னாமோ சொல்றாரு!"

"என்னவாம்?"

நான் இன்னும் மெதுவாகச் சொன்னேன். அக்கா அதைக் கடற்கரைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"நூறு வரைக்கும் பாத்தா போதுமாம் சார்! அதுக்கு மேல பாக்க வேணாமாம்!"

"ஏன்? நூத்தி மூணு, நூத்தி ஏழு எல்லாம் இருக்குல்லா?"

மறுபடி என் முணுமுணுப்பு. மறுபடி அக்கா.

"நூறுக்கு நூறு பத்தாயிரமாம். நம்ம கல்லு அதுக்குக் கொறச்சலாம். ஒரு பக்கம் நூறுக்கு மேல போனா இன்னொரு பக்கம் நூறுக்குக் கீழதான் வந்து நிக்குமாம். கீழ இருக்கறத எல்லாம் பாத்தாச்சாம். புருசன் நெட்டையா இருந்தா பொண்டாட்டி குட்டையாத்தான் இருப்பா, குட்டையே இல்லன்னா நெட்டை எங்கேர்ந்து வரும்னு கேக்கறாரு!"

கடைசி வாக்கியம் நான் சொன்னதில்லை. ஆனால் நான் சொன்னதைவிட அதுதான் தெளிவாக இருந்தது. சார் தலையசைத்தார். மிச்சத்தையும் பார்த்துவிடச் சொன்னார். எண்பத்து மூன்றுக்குப் பதின்மூன்று மீதி. எண்பத்தொன்பதுக்கு ஐந்து. தொண்ணூற்றேழுக்கு எழுபத்தொன்பது. சுண்ணாம்புக்கட்டி என் கையில் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. நடுவில் விட்ட எண்களை, உதாரணமாக நாற்பத்தொன்பதை, சார் கேட்கவில்லை. ஏழாலேயே போகாதது ஏழேழு நாற்பத்தொன்பதால் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் இருப்பது, பல வருஷம் கழித்து என் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாது. அந்தப் புத்தகத்தில் பதின்மூன்று, பத்தொன்பது என்று சாதுவாகத்தான் கொடுத்திருந்தார்கள். பெரியவைகளிலும் அந்தக் குணம் உண்டு என்பதை நான் கல்லில் பார்த்தவன். அதற்குப் பிறகு பொழுது போகாதபோது 9,973-க்கு மேல் 9,999 வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 9,991 ஒரு மழைநாள் முழுக்க என்னை ஏமாற்றியது. அதுவும் பகாத எண் என்று முடிவு கட்டப் போகும்போது தொண்ணூற்றேழால் நூற்றுமூன்று தடவை போயிற்று. மற்றவையும் எதிலாவது அகப்பட்டுக்கொண்டன. ஆக, நாலு இலக்க எண்களில் பங்கு போகாத கடைசி எண் 9,973-தான். சூளைக்காரர்கள் கீறல் விட்ட கல்லில் இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்து அனுப்பியிருந்தாலும் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கொட்டகைக்குத் திரும்புகிறேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அப்ப இந்த எண்ணுக்குப் பக்கமே கெடையாதா?"

"ஒரே வரிசையா வெக்கலாம் சார்," என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஒரே வரிசையா வெச்சா இது எங்க போயி முடியும்?" என்றார் அக்கா.

முக்காலடி வீதம் போட்டுப் பார்த்தால் ஒரு மைலுக்கு மேல். காலடிப்பேட்டை வரை போகும் என்றேன்.

"எங்க வூடு அங்கதான்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அப்டியே அடுக்கிகினே வூட்டுக்குப் போயிடலாம் வாங்கடி!"

சார்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் அதே இடத்தில்தான் நின்றார். வெயில் கொட்டகை வாசலிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. எண்ணூர் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அக்காவின் முகத்தில் அதுவரை இருந்த கேலி போய்விட்டது.

"தாயி, உம் மேல குத்தம் இல்ல. எண்ணு மேலயும் இல்ல. ஆனா ஒரு மூல தொறந்து கெடந்தா நாளைக்கு எத்தன போச்சுன்னு எப்படித் தெரியும்? அன்னைக்கு ஆறும் போச்சே."

அக்கா அட்டியைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். குரல் இறங்கித்தான் வந்தது.

"சார், அன்னிக்கி ஆறு கல்லு மேல துருத்திகினு குந்தியிருந்துச்சி. போறவன் வர்றவன் தூக்கினு போனான். இங்க துருத்திகினு இன்னா கீது? பள்ளம்தான் கீது. கல்லத் தூக்கினு போவான் சார். பள்ளத்த எவன் தூக்கினு போவான்?"

சார் கோலை ஊன்றிக்கொண்டு அட்டியின் மேலே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பள்ளம் எத்தன?"

"இருபத்தேழு சார்," என்றேன். அக்காவின் உதவி இல்லாமல் நானே சொன்னேன்.

"இருபத்தேழு." உதடு அசைந்தது. "மூவொம்பது."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு வேகன் பலகையை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். கோல் பறந்தது. கடைசி வரிசை முழுக்க ஓடிய வெறுமையைக் கல்லால் நிரப்பிக்கொண்டு வந்து, பள்ளம் முழுவதையும் வடகிழக்கு மூலைக்குத் தள்ளச் சொன்னார். நீளத்தில் ஒன்பது, அகலத்தில் மூன்று. பெண்கள் கையோடு கை மாற்றிக் கல்லை நகர்த்தினார்கள். நாலு பேர் ஒரு கல்யாணப் பாயை விரிக்கிற நேரத்தில் முடிந்தது. நீள்சதுரமாக வெட்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம், விளிம்பு நேராக, மூலை கூராக.

"பாத்தியா தம்பி?" என்றார். "9,973-க்குத்தான் பக்கம் இல்ல. இல்லாததுக்குப் பக்கம் இருக்கு. ஒம்பதாயிரத்தச் சொச்சத்த எவன் எண்ணுவான்? இருபத்தேழு பள்ளத்த வாட்ச்மேன் எண்ணிருவாம்லா. ஒண்ணு போனா பள்ளம் இருபத்தெட்டாயிரும், மூல கோணிரும்."

பலகையில் அவரே எழுதினார். மேலே 25, 20, 20. கீழே கொஞ்சம் இடம் விட்டு 9, 3, 1. அதற்குப் பக்கத்தில் 'இல்லை' என்று ஒரு வார்த்தை. அந்தக் கொட்டகையில் பலகையில் வார்த்தை ஏறியது அதுதான் முதல் தடவை.

கேட்டைத் திறந்ததும் அக்கா ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். பின்னாலேயே பன்னிரண்டு பேரும். சாரும் நானும் கோட்டையும் முகத்தையும் சரிசெய்துகொண்டு அடுத்த பஸ்ஸில் போனோம்.

நாங்கள் போய்ச் சேரும்போது எண்ணூர்க்காரர்கள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் நின்றிருந்தார். புடவை மாற்றியிருந்தார், முகம் கழுவ நேரம் இருந்திருக்காது. நெருப்புக்கல் தூள் மஞ்சளாக இருக்கும். நெற்றியிலிருந்து கழுத்துவரை அது அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, மூஞ்சி பூரா மஞ்சளா கீது?"

"நல்ல நாளும் அதுவுமா பூசாம இருப்பாங்களா? வா, வந்து குந்து," என்று அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தட்டு மாறியது. தேவசகாயம் சார் இரண்டு லட்டு சாப்பிட்டார். மூன்றாவதை எனக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை சார் வேகன் பலகை மேல் ஏறி அட்டியின் மூலையை எண்ணினார். இருபத்தேழும் இல்லாமலேயே இருந்தன. சரி என்றார். பிறகு இரண்டு வேகன் சுண்ணாம்பு வந்தது, இறக்கினோம்.